வெறுங் கருவறை

சமவெளியில் சாய்மானத் திண்டு போலக் கிடந்து ஊருக்கே பெயரளித்த திண்டுக்கல் மலைக்கோட்டைக்கு, நண்பர் குடும்பமும் எங்கள் குடும்பமுமாக, பாறையில் வெட்டிய அகலப்படிகளில் குழந்தைகள் ஓடியும் பெரியவர்கள் நின்று நின்றும் ஏற, ஒரு காலையில் சென்றோம். 1605-இல் மதுரை முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் எழுப்பிய அக்கோட்டையின் உச்சியில் அபிராமியின் பழைய ஆலயம் நிற்கிறது. கர்ப்பக்கிருகத்தில் விக்கிரகம் இல்லை. அம்பிகை கீழே ஊருக்குள், காளஹஸ்தீசுவரர் ஆலயத்தில் பூஜை பெறுகிறாள்.

"சாமி எங்கே மாமா?" என்று நண்பரின் மகள் இருட்டுக்குள் எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

ஆவாகனம் செய்து தெய்வத்தை ஓரிடத்தில் இருத்துகிறோம். சர்வவியாபி என்றும் அதனையே துதிக்கிறோம். இரண்டும் மெய்யானால், விக்கிரகம் பெயர்ந்த இடத்தைவிட்டுத் தெய்வமும் பெயர்ந்ததென்று எங்ஙனம் துணிவது? சிதம்பரத்தில் திரை விலக்கி வெறும் வெளியையே ரகசியமெனத் தொழும் மரபினர் நாம். ஆயினும் அவ்வெளி போற்றி வைத்தது, இது காலத்தால் நேர்ந்தது. அந்த வேற்றுமையை என்னால் இலேசாகத் தள்ள இயலவில்லை. இருந்தும் என் கைகள் தாமே குவிந்தன.

அவளோ பதிலுக்குக் காத்திராமல், நிலைப்படியில் எவரோ வைத்துப்போன உலர்ந்த செவ்வரளியை நேராக எடுத்து வைத்துவிட்டு, மதிலோரம் ஓடி, கீழே கோட்டைக்குளத்தில் வெயில் மின்னுவதைக் காட்டி எங்களைக் கூவி அழைத்தாள்.