தனியாக விளையாட அறுபது டாலரா?

"நாலு பேரோட சேர்ந்து விளையாடினாலும் பரவாயில்ல. தனியா உட்கார்ந்து விளையாடறதுக்கா இவ்வளவு காசு?"

அம்மா இப்படிக் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. டியூஷன் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த பணம்தானே என்று முணுமுணுத்தேன். அது பதில் இல்லை என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும். யார் பணம் என்று அம்மா கேட்கவில்லை. தகுமா என்றுதான் கேட்டார்.

கேம் பெயர் பால்டர்ஸ் கேட் 3. பெல்ஜியத்தில் கெண்ட் நகரில் இருக்கும் லேரியன் ஸ்டூடியோஸ் செய்தது. 2023 ஆகஸ்டில் முழுமையாக வெளிவந்தது. அந்த டிசம்பரில் 'தி கேம் அவார்ட்ஸ்' விழாவில் ஆண்டின் சிறந்த கேம் என்ற விருதையும் வாங்கியது. மந்திரவாதிகள், ரத்தக்காட்டேரி, பூதங்கள், பேசும் மிருகங்கள் நிறைந்த உலகம். நான்கு பேர் வரை ஒன்றாகச் சேர்ந்து விளையாடலாம், ஒருவராகவும் விளையாடலாம். தனியாக என்றால் கதையில் வரும் துணைவர்களைக் கூட்டிக்கொண்டு எல்லா முடிவுகளையும் நாமே எடுக்கவேண்டும். அமெரிக்க விலை 60 டாலர். கணக்கு வசதிக்கு 270 ரிங்கிட் என்று வைத்துக்கொள்கிறேன்.

பொறியியல் மாணவன் என்றால் முதலில் கணக்குத்தான் போடுவான். நான் 110 மணி நேரம் விளையாடியிருந்தேன். 270-ஐ 110-ஆல் வகுத்தால் மணிக்கு இரண்டரை ரிங்கிட்கூட இல்லை. அந்தக் காசுக்கு மாமாக் கடையில் ஒரு தே தாரிக்தான் வரும். "பார்த்தீங்களா, எவ்வளவு மலிவு!" என்று அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஆன்லைனில் கேம் வாங்கும் நண்பர்கள் எல்லோரும் சொல்லும் நியாயம் இதுதான்.

அனுப்பிவிட்டுத்தான் அதில் இருந்த ஓட்டை தெரிந்தது. நேரம் அதிகமாக ஆக விலை குறைகிறது என்றால், ஃபெடரல் ஹைவேயில் மாட்டிக்கொண்டு நிற்கும் மாலைதான் உலகத்திலேயே மலிவான பொழுதுபோக்கு. டோல்கூடக் கட்டவேண்டாம், இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கலாம். மேலும், அந்த 110 மணி நேரத்தை எனக்கு யாரும் கொடுக்கவில்லை. அது என்னிடமிருந்து போனது. 2023-ல் நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதத்துக்கு 1,500 ரிங்கிட். மணிக்கு என்றால் 7 ரிங்கிட் 21 சென். அந்த விகிதத்தில் பார்த்தாலே 110 மணி நேரம் 793 ரிங்கிட் ஆகிறது. கேமின் விலையைவிட நான் செலவழித்த நேரத்தின் விலை கிட்டத்தட்ட மூன்று மடங்கு. இதை அம்மாவுக்கு அனுப்பவில்லை.

சரி, நேரத்தை எல்லாம் சம்பளமாக மாற்றிப் பார்ப்பதும் சரியில்லை. அப்படிப் பார்த்தால் தைப்பூசத்தன்று பத்துமலைக்கு நடப்பதும் நஷ்டம்தான். அறம், பொருள், வீடு என்பவற்றோடு இன்பத்தையும் வாழ்க்கையின் நோக்கமாக வைத்த மரபு நம்முடையது. தனிமையும் நமக்குப் புதிது இல்லை. ஜபமும் தியானமும் கூட்டத்தோடு செய்கிற வேலையா? 'தனியா உட்கார்ந்து' என்பது மட்டும் குற்றம் ஆகாது. இந்த இடத்தில் அம்மாவோடு எனக்கு உடன்பாடு இல்லை.

சொல்லப்போனால், அந்தக் கேமைச் சேர்ந்து விளையாடியும் பார்த்தேன், வீட்டு நண்பர்கள் மூன்று பேரோடு. செம சிரிப்பு. ஒருவன் பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவன் கடைக்காரரிடம் திருடி மாட்டிக்கொள்வான், மூன்றாமவன் கத்தியை எடுத்துவிடுவான். கதையில் யார் செத்தார்கள் என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. ஆள் கூடினால் பொறுப்பு நான்காகப் பிரிந்து காணாமல் போய்விடுகிறது. நாங்கள் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. யாரும் அதை ஒரு முடிவாகவே நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

தனியாக விளையாடும்போது அப்படி இல்லை. ஆரம்பத்திலேயே ஒரு தோப்பு வரும். அகதிகளாக வந்த மக்கள் அங்கே ஒதுங்கியிருப்பார்கள். அவர்களில் அரபெல்லா என்ற சிறுமி தோப்பில் இருந்த தெய்வச் சிலையைத் திருடிவிடுகிறாள். தோப்பைப் பொறுப்பில் வைத்திருக்கும் பெண் அவள் முன்னால் ஒரு பாம்பை நிறுத்தியிருக்கிறாள். பெற்றோர் உள்ளே விடப்படாமல் தவித்துக்கொண்டு நிற்கிறார்கள். நாம் அந்தத் தலைவியிடம் பேசிப் பார்க்கவேண்டும். நம் பேச்சு எடுபடுமா என்பதை இருபது முகம் கொண்ட பகடை முடிவு செய்யும்.

என் பகடை தோற்றது. பாம்பு கொத்தியது. சிறுமி இறந்துபோனாள்.

இரவு ஒன்றரை மணி. ஹாஸ்டலில் எல்லோரும் தூங்கியிருந்தார்கள். எனக்குத் தொண்டை அடைத்தது. உடனே எஃப் 8 பொத்தானை அழுத்தினேன். அதை அழுத்தினால் கடைசியாகச் சேமித்த இடத்துக்குத் திரும்பிப் போய்விடலாம். மறுபடியும் பேசினேன், மறுபடியும் தோல்வி. நாலாவது தடவையில் பிழைத்தாள். அவளுடைய பெற்றோர் எனக்கு நன்றி சொன்னார்கள். நானும் பெருமையாக வாங்கிக்கொண்டேன்.

பிறகுதான் யோசித்தேன். அவளைக் காப்பாற்றியது யார்? என் இரக்கமா, அந்தப் பொத்தானா? நான் காப்பாற்ற நினைத்தது சிறுமியையா, அல்லது 'நான் நல்லவன்' என்ற கணக்கையா?

இந்தக் கேமில் 'கர்மிக் டைஸ்' என்று ஓர் அமைப்பு உண்டு. தொடர்ந்து தோல்வியோ தொடர்ந்து வெற்றியோ வராதபடி பகடையைக் கொஞ்சம் சரிப்படுத்தும். நாம் அணைக்காவிட்டால் அது தானாகவே இயங்கிக்கொண்டிருக்கும். பெயரைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. கர்மா என்றால் இவர்களுக்கு அதிர்ஷ்டத்தைச் சராசரி ஆக்குவது. நம் சமய வகுப்பில் படித்த சஞ்சிதம், பிராரப்தம், ஆகாமியம் மூன்றிலும் சராசரிக்கு இடமே இல்லை. செய்தது செய்ததுதான், பலன் தேடிக்கொண்டு வரும். அந்தக் கேமில் உண்மையாகவே கர்மா என்று சொல்லத்தக்கது வேறொன்று. தோப்பில் எடுத்த முடிவு எத்தனையோ மணி நேரம் கழித்து வேறு ஊரில், வேறு ஒரு முகத்தில் நம் எதிரே வந்து நிற்கும். அகதிகளுக்கு எதிராகச் சேர்ந்தால் நல்ல துணைவர்கள் சிலர் நம்மை விட்டுப் போய்விடுவார்கள். எஃப் 8 அதைத்தான் அழித்துவிடுகிறது.

பகடை என்றதும் தருமர் ஞாபகம் வராமல் இருக்குமா? அவர் ஒரு தடவைதான் சூதாடித் தோற்றார் என்றே பலர் நினைக்கிறார்கள். முதல் ஆட்டத்தில் எல்லாவற்றையும் இழந்த பிறகு, திருதராஷ்டிரர் திரௌபதிக்கு வரம் கொடுத்து, இழந்ததை எல்லாம் திருப்பித் தந்துவிட்டார். சேமித்த இடத்துக்குத் திரும்பிப் போனதுபோலத்தான். ஆனால் மறுபடியும் அழைப்பு வந்தது, தருமர் மறுபடியும் உட்கார்ந்தார், மறுபடியும் தோற்றார். பன்னிரண்டு வருஷம் காடு, ஒரு வருஷம் மறைந்து வாழ்வது எல்லாம் அந்த இரண்டாவது ஆட்டத்தில் வந்ததுதான். மாறவேண்டியது பகடை இல்லை, உட்கார்ந்த ஆள்.

நானும் மாறவில்லை. கோயிலில் ஞாயிறு காலை சிறுவர் சமய வகுப்பு எடுக்க நானாகத்தான் பெயர் கொடுத்திருந்தேன். அரபெல்லாவைக் காப்பாற்றிய அந்த இரவுக்கு மறுநாள் ஞாயிறு. எட்டே முக்காலுக்கு எழுந்து, "அசைன்மென்ட் இருக்கு அக்கா, இந்த வாரம் வர முடியல" என்று பொறுப்பாளர் அக்காவுக்குச் செய்தி அனுப்பிவிட்டுத் தூங்கிவிட்டேன். அடுத்த வாரமும் அதே பொய். அக்கா தாதியாக வேலை செய்கிறார். இரண்டு ஞாயிறும் இரவு ஷிஃப்ட் முடித்து, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராகக் கோயிலுக்கு வந்து வகுப்பை எடுத்திருக்கிறார். எனக்கு அது வேறு ஒருவர் சொல்லித்தான் தெரியும்.

அதற்கு எஃப் 8 கிடையாது.

இப்போது அம்மாவின் கேள்விக்குப் பதில் சொல்கிறேன். அந்தக் கேம் அறுபது டாலருக்குத் தகும். ஒரு தடவை வாங்கினால் உள்ளே போனபிறகு அதற்கு இது, இதற்கு அது என்று காசு கேட்பதில்லை. இலவசம் என்று ஆரம்பிக்கும் கேம்களில் உடைக்கும் நிறத்துக்கும் மாதாமாதம் காசு கட்டும் நண்பர்களைப் பார்த்திருக்கிறேன். எழுதியவர்களும் நடித்தவர்களும் உழைத்திருக்கிறார்கள், அது தெரிகிறது. யாரும் பார்க்காதபோது நான் என்ன செய்கிறேன் என்பதை அது எனக்குக் காட்டியது; சேர்ந்து விளையாடியிருந்தால் காட்டியிருக்காது. விலையில் தப்பு இல்லை. நான் கொடுத்தது அறுபது டாலர் மட்டும் இல்லை, அதில்தான் தப்பு. அக்காவின் இரண்டு காலைத் தூக்கத்தையும் அவரைக் கேட்காமலே எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

2023 நவம்பர் கடைசியில் அந்தக் கேமில் 'ஆனர் மோட்' என்று ஒரு முறையைச் சேர்த்தார்கள். ஒரே ஒரு சேமிப்புதான். நினைத்த இடத்துக்குத் திரும்பிப் போக முடியாது. செமஸ்டர் விடுமுறையில் அதில் ஆரம்பித்தேன். இந்தத் தடவையும் பகடை தோற்றது. அரபெல்லாவை அப்படியே விட்டுவிட்டு, வெளியே நிற்கும் பெற்றோரைத் தாண்டிப் போகவேண்டியிருந்தது. கேமை மூடிவிட்டு அக்காவுக்கு போன் செய்தேன். அசைன்மென்ட் எதுவும் இல்லை, கேம் விளையாடிவிட்டுத் தூங்கிவிட்டேன் என்று சொன்னேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "தெரியும்டா தம்பி," என்றார். "ஆன்லைன்ல இருக்கேன்னு உன் பேருக்குப் பக்கத்துல ராத்திரி பூரா காட்டிக்கிட்டே இருந்துச்சு. நான்தான் ஷிஃப்ட்ல முழிச்சுக்கிட்டு இருந்தேனே." பிறகு, திட்டுவார் என்று நினைத்துக் காத்திருந்தேன். "சின்னப் பிள்ளைங்களுக்கு விநாயகர் பாட்டு பாதியில நிக்குது. ஒம்பது மணிக்கு வந்துடு," என்று சொல்லி வைத்துவிட்டார்.