எந்நாள் முதல் இவ்வூரார்?

ஓர் ஊரை விட்டு மற்றோர் ஊருக்குக் குடிபெயரும் மனிதன் எந்த நாளில் பழைய ஊருக்கு அந்நியனாகிறான்? மெய்யியலார்க்கே உரியதாகத் தோன்றும் இவ்வினாவை அமெரிக்க ஐக்கிய நாடுகளில், ஏப்ரல் 15 நெருங்குகையில், எளிய குடும்பத்தினரும் எதிர்கொள்கின்றனர். அங்கே நடுவண் அரசுக்கு மட்டுமன்றிப் பெரும்பாலான மாநிலங்களுக்கும் வருமான வரியைத் தனியே செலுத்தவேண்டும். கலிபோர்னியாவில் உச்ச விகிதம் 13.3 விழுக்காடு, டெக்சாசில் அவ்வரியே இல்லை.

ஜூலை முதல் நாள் கலிபோர்னியாவிலிருந்து டெக்சாசுக்குக் குடியேறிய ஒரு பொறியாளரை எண்ணிப் பார்ப்போம். ஆண்டின் ஒரு பகுதி மட்டும் வாழ்ந்தவராக அவர் '540 என்.ஆர்.' என்னும் படிவத்தில் கலிபோர்னியாவுக்குக் கணக்குக் காட்டவேண்டும். ஜூன் முடியப் பெற்ற வருமானம் யாவும் அதில் அடங்கும். சிக்கல் அதன் பின்னரே. முதல் ஆறு மாத உழைப்புக்கான ஊக்கத்தொகை செப்டம்பரில் கைக்கு வருகிறது. பணம் வந்த இடம் டெக்சாசு. உழைத்த இடம் கலிபோர்னியா. சட்டம் உழைத்த இடத்தையே நோக்குவதால், அத்தொகையும் கலிபோர்னியாவின் கணக்கில் சேரும். மேலும், வரி விகிதத்தை ஆண்டு முழுவதன் வருமானத்தைக் கொண்டே கணிப்பர். "டெக்சாசில் ஈட்டியதற்கும் வரியா?" என்று சினப்போர் உண்டு. அதற்கு வரியில்லை, விகிதத்தை அறியவே அது கணக்கில் வருகிறது. ஏற்பாடு நியாயமானதே என்பது நம் கருத்து.

வரியுள்ள இரு மாநிலங்களுக்கிடையே பெயர்ந்தவர்க்குப் படிவங்களும் இரண்டு. அவையெல்லாம் கணக்கரின் வேலை.

மனச்சான்றின் வேலை குடிபெயர்ந்த நாளை எழுதும்போது தொடங்குகிறது. ஜூலைக்குப் பதில் மே என்று எழுதினால் இரண்டு மாத வரி மிஞ்சும். 'வீடு மேயிலேயே பேசி முடித்தாயிற்று. உள்ளத்தால் அப்போதே போய்விட்டோம்' என்று வாதிடவும் தோன்றும். ஆனால் நிலையான உறைவிடத்தை மாற்ற உள்ளக்கருத்தோடு உடலின் இருப்பும் வேண்டும். நம் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 102ஆம் சட்டமும் இவ்வாறே, நிலையாகத் தங்கும் எண்ணத்தோடு ஓரிடத்தில் வாழ்வதை உறைவிடம் என்கிறது. குருமட மாணவர் அதைத் திருமணப் பதிவுக்காகப் படிப்பதே வழக்கம்.

உள்ளக்கருத்தைச் செயல்களே காட்டித்தரும். நியூயார்க் மாநிலத் தணிக்கையர் வீடு, தொழில், தங்கிய நாள்கள், குடும்பம் ஆகியவற்றோடு, ஒருவர் நெஞ்சுக்கு நெருக்கமான உடைமைகள் எங்குள்ளன என்றும் பார்ப்பர். 2017இல் தீர்ப்பான ஒரு வழக்கில், நியூயார்க்கிலிருந்து டல்லாசுக்குப் போனவர் தம் நாயையும் அங்கே கொண்டு சேர்த்தது, அவர் மெய்யாகவே குடிபெயர்ந்தார் என்பதற்கு வலுவான சான்றாக ஏற்கப்பட்டது. நகைக்கத் தோன்றினாலும், மனித இயல்பை அறிந்த தீர்ப்பே அது.

பழைய அறநெறி நூலோருள் சிலர், வரிச்சட்டம் வெறும் தண்டச்சட்டம், பிடிபட்டால் அபராதம் கட்டினால் போதும், மனச்சான்றைக் கட்டாது என்றனர். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வரி ஏய்ப்பைக் கண்டித்தது. 1992இல் வெளிவந்த மறைக்கல்வி ஏடு வரி செலுத்துவதை ஒழுக்கக் கடமையென்றே உரைத்தது. கலிபோர்னியாவின் பொதுநிதியில் மிகப் பெரிய வருவாய் தனியாள் வருமான வரியே. அந்நிதியில் பெரும்பங்கு பள்ளிகளுக்குப் போகிறது. நம் பொறியாளரின் மகள் மே மாதத்தில் எந்தப் பள்ளியில் அமர்ந்திருந்தாள்?

வரி குறைந்த மாநிலத்தை நாடிப் போவது குற்றமன்று. டெக்சாசிலும் வீட்டு வரியும் விற்பனை வரியும் காத்திருக்கின்றன என்பது வேறு செய்தி. அங்கே வாழத் தெரிந்துகொள்வது உரிமை. வாழாத நாள்களை வாழ்ந்ததாக எழுதுவதே பொய்.

நீதி மறுபுறமும் செல்லும். பணிபுரியும் நிறுவனம் ஜூலைக்குப் பின்னும், டெக்சாசில் உழைத்த ஊதியத்திலிருந்து பழைய மாநிலத்துக்கே வரியைப் பிடித்துக்கொண்டிருந்தால், அப்பணம் பொறியாளருடையது. கூச்சமின்றி அதைத் திரும்பக் கேட்கலாம். கலிபோர்னியாவில் அதற்குப் பொதுவாக நான்கு ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு.