வரி வரியாக

தென்காசி. கண்ணுக்கு நான்கு எழுத்து. லினக்ஸ் ஷெல்லில் இந்தப் பெயரை மட்டும் பிரிண்ட்எஃப் கட்டளையில் கொடுத்து, எண்ணும் கட்டளையான டபிள்யூசியிடம் பைட்டை எண்ணச் சொன்னால் 24 என்கிறது. குறியீடுகளை எண்ணச் சொன்னால் 8. எல்லாமே சரியான விடைதான். தெ என்பது தகரமும் கொம்பும். ன் என்பது னகரமும் புள்ளியும். கா, சி இரண்டும் அப்படியே. யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட் பிடிக்கும். குற்றாலத்துக்கு எழுத்து 5, குறியீடு 9, பைட் 27.

ஷெல் பழகும்போது இந்தக் கணக்கை வாசலிலேயே முடித்துக்கொள்வது நல்லது. பிறகு வருகிற சிக்கல்களில் பாதி இதிலிருந்துதான் கிளம்புகின்றன.

*

பழகுவதற்குக் குற்றாலக் குறவஞ்சியை எடுத்துக்கொண்டேன். தென்காசியை ஒட்டிய மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் பாடியது. மதுரைத் திட்டத்தின் தொகுப்பில் கிடைக்கிறது. 1998 பொங்கலன்று தொடங்கிய திட்டம் அது. தன்னார்வலர்கள் ஊர் ஊராக உட்கார்ந்து தட்டச்சு செய்து கொடுத்தார்கள். படமாக இல்லாமல் எழுத்தாகக் கொடுத்ததுதான் பெரிய உபகாரம். எழுத்தாக இருந்தால் தேடலாம், எண்ணலாம், அடுக்கலாம்.

தேடித் தரும் க்ரெப் கட்டளைக்குக் குற்றாலம் என்று முழுச் சொல்லைக் கொடுத்தால் குற்றாலத்தில், குற்றாலநாதர் என்று வருகிற வரிகளை அது விட்டுவிடும். மகர ஒற்றை எடுத்துவிட்டுக் குற்றால என்று கொடுக்க வேண்டும். ஊரார் வாயில் வழங்கும் குத்தாலத்தைத் தேடத் தனி வரி வேண்டும்.

மரம் இதைவிடக் கடினம். மர என்று கொடுத்தால் மரபும் மரணமும் வரும் என்பது எதிர்பார்த்ததே. மருந்தும் மரியாதையும் ஏன் வர வேண்டும்? கோப்புக்குள் ரு என்பது ர, அதன் பின்னே ஓர் உகரக் குறி. க்ரெப் ர வரைக்கும் பார்த்துத் திருப்தி அடைந்துவிடுகிறது. மர என்பதை அடுத்து ம் அல்லது த்த அல்லது ங்க என்று வரையறுத்தால் மரமும் மரத்தையும் மரங்களும் கிடைக்கின்றன. மரத்துப்போன காலும் கூடவே வந்து நிற்கும். அதைக் கண்ணால் பார்த்துத்தான் விலக்க வேண்டும்.

நம் இலக்கணம் மெய்யை வைத்து அதன்மேல் உயிரை ஏற்றுகிறது: க் என்பதோடு அ சேர்ந்தால் க. யூனிகோடில் இது தலைகீழ். அகரம் ஏறிய க-தான் அங்கே அடிப்படை. புள்ளி வைத்தால்தான் க். இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவாக வகுத்த இஸ்கி முறையின் அடியொற்றி வந்தது இது. பள்ளியில் படித்த புணர்ச்சி விதியை மனதில் ஒரு பக்கமும் இந்த அமைப்பை மறுபக்கமும் வைத்துக்கொண்டே தேடல் வரி எழுத வேண்டியிருக்கிறது. எனக்கு இது சுமையாகத் தோன்றவில்லை. இவ்வளவு காலம் எழுதிய எழுத்தை இப்போதுதான் உள்ளே போய்ப் பார்க்கிறேன்.

*

குற்றாலப் பேரருவியில் தண்ணீர் மேலிருந்து நேரே நம் தலையில் விழுவதில்லை. நடுவில் பாறையில் குடைந்த பொங்குமாக்கடல் இருக்கிறது. முதலில் அதில் விழுந்து, வேகம் அடங்கி, நிரம்பி, அதன் பிறகுதான் கீழே இறங்குகிறது. ஒருவர் நின்று குளிக்க முடிவது அந்தப் பள்ளத்தால்தான்.

ஒரு நிரலின் வெளியீட்டை அடுத்த நிரலுக்கு அனுப்பும் பைப்புக்கும் இப்படி ஒரு பள்ளம் உண்டு. லினக்ஸில் வழக்கமாக அதன் கொள்ளளவு 65,536 பைட். கோப்பு எத்தனை பெரிதானாலும் ஒரு நேரத்தில் அவ்வளவுதான் நடுவில் நிற்கும். பாதுகாப்பு வளைவான ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் கொட்டும் நாள்களில் அருவியில் குளிக்கத் தடை போடுவார்கள்; பைப்பில் அந்த நிலை வருவதில்லை. பள்ளம் நிறைந்தால் எழுதுகிற நிரல் அங்கேயே நின்றுவிடும். வாசிக்கிற நிரல் கொஞ்சம் எடுத்த பிறகுதான் அது மறுபடி நகரும். மேலே இருப்பது கீழே இருப்பதற்காகக் காத்திருக்கிறது. எந்த நிரலுக்கும் மற்றதைப் பற்றித் தெரியாது.

*

நிரல்களை இப்படி இணைக்கும் யோசனையைப் பெல் ஆய்வகத்தில் டக் மெக்இல்ராய் 1964-லேயே ஒரு குறிப்பாக எழுதி வைத்தார்: தோட்டத்துக் குழாயைத் துண்டு துண்டாக இணைப்பதுபோல நிரல்களை இணைக்க வழி வேண்டும். 1973-ல் கென் தாம்சன் அதை யூனிக்ஸில் செய்து காட்டினார். 1986-ல் ஒரு கட்டுரையில் மெக்இல்ராய் எழுதிய ஆறு கட்டளைகளை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஒரு நூலில் அதிகம் வரும் சொற்களைப் பட்டியலிட வேண்டும். டொனால்ட் நூத் அதற்காக ஒரு நீண்ட நிரலை அழகாக எழுதியிருந்தார். அதை மதிப்பிட வந்த மெக்இல்ராய் டிஆர், மறுபடி டிஆர், சார்ட், யூனிக், சார்ட், செட் என்று ஆறு படியில் முடித்துவிட்டார்.

அந்த ஆறும் தமிழ் நூலுக்கு உதவாது. முதல் படியே ஆங்கில எழுத்து அல்லாத அனைத்தையும் களைந்துவிடும். ஆங்கில எழுத்து இருந்த இடத்தில் தமிழை வைத்தாலும் ஆகாது. லினக்ஸில் உள்ள டிஆர் பைட் பைட்டாகத்தான் பார்க்கும். தமிழ்க் குறியீடுகள் எல்லாமே 224 என்ற பைட்டில் தொடங்குகின்றன. டிஆரிடம் ல ஒன்றை நீக்கச் சொன்னால் அந்த 224-ஐக் கோப்பு முழுக்கப் பிடுங்கிவிடும். ஆகவே முதல் படிக்கு க்ரெப்பையே வைத்து, தமிழ்க் குறியீடுகள் தொடர்ந்து வரும் துண்டுகளை வரிக்கு ஒன்றாக எடுக்கச் சொல்ல வேண்டும். சிற்றெழுத்து, பேரெழுத்து நமக்கு இல்லை என்பதால் இரண்டாம் படியே வேண்டாம். ஐந்தில் முடிகிறது.

*

தென்காசிக்குப் பக்கத்து மத்தளம்பாறையில் உட்கார்ந்து ஜோஹோ நிறுவனத்தில் உலகத்துக்கான மென்பொருள் எழுதுகிறார்கள். ஊரைவிட்டுப் போகாமல் இந்த வேலையைச் செய்யலாம் என்பதை இங்குள்ள பிள்ளைகளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அவர்கள் கையில் தமிழ்க் கோப்புகளும் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். ஓலைப் பெயர்ப்பு, கல்வெட்டுப் படி, ஊர்ப்பெயர்ப் பட்டியல் என்று அடுக்கவும் தேடவும் எவ்வளவோ கிடக்கிறது.

*

அடுக்குவது. மொழி அமைப்பான லோகேலைச் சி என்று வைத்து, அடுக்கும் கட்டளையான சார்ட்டை ஓட்டினால் தென்காசி, தெப்பம், தெரு, தெற்கு என்று வருகிறது. அகராதியில் தெப்பம், தெரு, தெற்கு, தென்காசி. யூனிகோட் அட்டவணையில் ன, நகரத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது; நம் வரிசையில் அது பதினெட்டாவது, கடைசி மெய். புள்ளிக் குறியோ அங்கே உயிர்க் குறிகளுக்கெல்லாம் பின்னால் இருக்கிறது. நமக்கு க் வந்த பிறகுதான் க.

எழுத்து ஒவ்வொன்றுக்கும் நான்கு இலக்கம் கொடுத்தேன். முதல் இரண்டு மெய்யின் இடம், அடுத்த இரண்டு உயிரின் இடம், புள்ளிக்குச் சுழியம். தெ 0707, ன் 1800, கா 0102, சி 0303. செட் இந்த எண்களைச் சொல்லுக்கு முன்னால் ஒட்டும், சார்ட் அடுக்கும், கட் எண்களை வெட்டி எறியும். மெய்வரிசையைப் பாடம் பண்ணியவர்களுக்கு இந்த ஸ்கிரிப்ட் வாசிக்கச் சுலபம்.

வடவெழுத்துகளுக்கு 19 முதல் ஒதுக்கியிருக்கிறேன். ஊர்ப்பெயர்களில் ஸ்ரீவில்லிபுத்தூரும் ஸ்ரீவைகுண்டமும் நின்றுவிடுகின்றன. ஸ்ரீயைச் சிலர் ஸகரத்தில் தொடங்கி எழுதியிருக்கிறார்கள். 2005-ல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கியும் எழுதுகிறார்கள். திரையில் இரண்டும் ஒரே வடிவம். முதலில் இரண்டையும் ஒன்றாக்க ஒரு செட் வரி வேண்டும். கொகரத்தை ஒரே குறியாகவும், கொம்பும் காலுமாகப் பிரித்தும் எழுதிய கோப்புகளுக்கு இன்னொன்று.