மௌலிது ஓதுவோரும் ஓதாதோரும்



  

ரபீஉல் அவ்வல் பிறை கண்டதும் நம்மவரிடையே இரண்டு ஓசைகள் எழுகின்றன. ஒன்று, மௌலிது ஓதும் ஓசை. மற்றொன்று, மௌலிது கூடுமா கூடாதா என்று வாதிடும் ஓசை. சில ஆண்டுகளில் பின்னது முன்னதை அமுக்கியே விடுகிறது.

வாதம் வாதமாக நின்றால் கவலையில்லை. அது வீட்டுக்குள் வந்துவிட்டது. வாப்பா காலந்தொட்டு அண்ணன் வீட்டில் சுபுஹான மௌலிது ஓதி நெய்ச்சோறு ஆக்குகிறார்கள். தம்பி வருவதில்லை, வந்தாலும் சோற்றில் கை வைப்பதில்லை. தம்பி முன்னின்று தொழவைத்தால், அண்ணன் ஒளுச் செய்யும் இடத்திலேயே தாமதித்து அடுத்த ஜமாஅத்துக்குக் காத்திருக்கிறார். ஒருவர் மற்றவரை “நபியை நேசிக்காதவன்” என்கிறார். மற்றவர் இவரை “முஷ்ரிக்” என்கிறார். இவ்விரண்டும் எவ்வளவு பெரிய சொற்கள்! பெட்டிக் கடையில் தேநீர் அருந்திக்கொண்டே இவற்றை வீசிவிட்டுப் போகிறோம். கலிமாச் சொன்ன ஒருவனைக் காபிர் என்று அழைத்தால், அச்சொல் இருவரில் ஒருவர்மீது திரும்பியே தீரும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பதை நாம் அறியாதவர்களா?

ஆகையால், இவ்விஷயத்தில் நம் முன்னோர் என்ன சொன்னார்கள், எவ்வாறு சொன்னார்கள் என்பதைச் சிறிது பார்ப்போம்.

முதலாவதாக, இரு சாராரும் ஒப்புக்கொள்ளும் ஓர் உண்மை உண்டு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் பிறந்த நாளை விழாவாகக் கொண்டாடியதில்லை. ஸஹாபாக்களும் கொண்டாடியதில்லை. ஹஜரத் உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் ஆண்டுக் கணக்கை எதிலிருந்து தொடங்குவது என்ற ஆலோசனை நடந்தபோது, பிறப்பு, நபித்துவம், ஹிஜ்ரத், மறைவு ஆகிய நான்கும் எண்ணிப் பார்க்கப்பட்டன. முடிவில் ஹிஜ்ரத்தையே தேர்ந்தார்கள். பிறந்த ஆண்டைப் பற்றிக்கூட ஒத்த கருத்து எளிதாக இராது என்று அவர்கள் கருதினார்கள் போலும். பிறந்த தேதியிலோ கருத்து வேறுபாடு இன்றளவும் உண்டு. யானை ஆண்டு, ரபீஉல் அவ்வல், திங்கட்கிழமை என்பது பெரும்பான்மையோர் கொள்கை. பிறை 12 என்பது பெருவழக்கு. 8 என்போரும் 9 என்போரும் 2 என்போரும் இருக்கிறார்கள். ஷியாக்கள் 17 என்கிறார்கள்.

பிறகு இவ்விழா எங்கிருந்து வந்தது? எகிப்தை ஆண்ட பாத்திமியர் கெய்ரோவில் அரண்மனைச் சடங்காக இதை நடத்தினார்கள், இனிப்பு வழங்கினார்கள். ஆனால் சுன்னத் ஜமாஅத்தினரிடையே இதைப் பெருவிழாவாக்கியவர், இன்றைய வட இராக்கிலுள்ள இர்பில் நகரை ஆண்ட முளப்பருத்தீன் கோக்புரி. சிலுவைப் போர் வீரர் சுல்தான் ஸலாஹுத்தீனின் சகோதரியை மணந்தவர், கி.பி. 1233-இல் மறைந்தவர். அவ்விழாவை அவ்வூரிலேயே 1211-இல் பிறந்த வரலாற்றாசிரியர் இப்னு கல்லிகான் எழுதி வைத்திருக்கிறார். பக்தாதிலிருந்தும் மோஸுலிலிருந்தும் ஆலிம்களும் சூபிகளும் மாதக் கணக்கில் முன்னதாகவே வந்து சேர்வார்களாம். பல அடுக்கு மரக் கூடாரங்கள் வரிசையாக எழும்புமாம். விழாவுக்கு இரண்டு நாள் முன்பு ஒட்டகங்களும் மாடுகளும் ஆடுகளும் மேளத்தோடு மைதானத்துக்குக் கொண்டு செல்லப்படுமாம். இரவில் கோட்டையிலிருந்து மெழுகுவர்த்தி ஊர்வலம் இறங்குமாம்.

இதில் என் மனத்தைக் கவர்ந்தது மெழுகுவர்த்தியன்று. அவ்வரசர் ஓராண்டு பிறை 8-லும் மறு ஆண்டு பிறை 12-லும் விழாவை நடத்தினார். ஏன்? தேதியில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருந்ததால்! விழாவைத் தொடங்கி வைத்தவரே எதிர்க் கருத்துக்கு இடம் விட்டுத்தான் தொடங்கி வைத்தார். மேலும், குருடர்களுக்கும் விதவைகளுக்கும் அநாதைகளுக்கும் இல்லங்கள் கட்டியவர். பரங்கியரிடம் சிறைப்பட்ட முஸ்லிம்களைப் பணம் கொடுத்து மீட்டவர். விழாவை மட்டும் அவரிடமிருந்து வாங்கிக்கொண்டு, இவற்றை இர்பிலிலேயே விட்டுவிட்டோம். ஹிஜ்ரி 604-இல் அவருக்காக ஒரு மௌலிது நூல் இயற்றிய இப்னு திஹ்யா என்ற ஆலிமுக்கு ஆயிரம் தீனார் கிடைத்ததாம். இதைப் படிக்கும் நம் எழுத்தாளர்களுக்குப் பெருமூச்சு வந்தால் நான் பொறுப்பாளியல்லேன்.

நிற்க. இவ்விழா பரவப் பரவ ஆட்சேபமும் எழுந்தது. அலெக்ஸாந்திரியாவைச் சேர்ந்த மாலிக்கீ அறிஞர் தாஜுத்தீன் அல்பாகிஹானீ (மறைவு 1334) தனி நூலே எழுதினார். குர்ஆனிலோ சுன்னத்திலோ இதற்கு ஆதாரம் காணவில்லை என்றார். அத்தோடு, நாயகம் (ஸல்) அவர்கள் பிறந்த இதே மாதத்தில்தானே அவர்கள் மறைந்தும் இருக்கிறார்கள், துயரத்தைவிட மகிழ்ச்சி எப்படி முந்தும் என்றும் கேட்டார். மனத்தில் தைக்கும் கேள்வி!

அவர் காலத்துக்குப் பின் எகிப்தின் இமாம் ஜலாலுத்தீன் சுயூத்தீ (மறைவு 1505), நம்மில் பலரைப் போல ஷாபியீ மத்ஹபைச் சார்ந்தவர், அந்நூலை எடுத்து வைத்துக்கொண்டு வரிக்கு வரி விடை எழுதினார். குழந்தை பிறந்தால் அகீகா கொடுத்து நன்றி செலுத்தச் சொல்கிறது மார்க்கம்; ஒருவர் இறந்தால் அறுத்துக் கொடுக்கச் சொல்லவில்லை, ஒப்பாரியையும் விலக்குகிறது; ஆகவே அம்மாதத்தில் மகிழ்ச்சியைக் காட்டுவதே மார்க்க நெறிக்குப் பொருத்தம் என்றார். இப்னு ஹஜர் அஸ்கலானீ (மறைவு 1449) மற்றோர் ஆதாரம் காட்டினார். மதீனாவில் யூதர்கள் ஆஷூரா நாளில் நோன்பிருப்பதைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள் காரணம் வினவினார்கள். மூஸா (அலை) அவர்களை இறைவன் காத்த நாள் என்றனர். மூஸாவுக்கு உங்களைவிட நாங்களே உரியவர்கள் என்று கூறித் தாமும் நோன்பு நோற்றார்கள். அல்லாஹ் அருள் செய்த ஒரு நாள் ஆண்டுதோறும் திரும்பி வரும்போது அவனுக்கு நன்றி செலுத்துவதற்கு இது வழி காட்டுகிறது என்பது அவர் முடிவு. அதே இப்னு ஹஜர், மௌலிது முதல் மூன்று தலைமுறையினரிடம் இல்லாத பித்அத் என்பதையும் மறைக்கவில்லை. நல்லதும் அல்லாததும் அதில் கலந்துள்ளன, நல்லதை மட்டும் கொள்வோருக்கு அது நற்செயல் என்றார்.

இனி, மௌலிது கூடாது என்போர் அதிகம் எடுத்துக்காட்டும் இமாம் இப்னு தைமிய்யாவைப் (மறைவு 1328) பார்ப்போம். முன்னோர் செய்யாதது, நன்மையாயிருந்தால் நம்மைவிட அவர்களே முந்தியிருப்பார்கள் என்று அவர் எழுதியது உண்மை. ஆனால் நம் வாலிபர்கள் அந்த இடத்திலேயே கிதாபை மூடிவிடுகிறார்கள். அடுத்த சில வரிகளில் அவரே சொல்கிறார்: நாயகத்தின் மீதுள்ள அன்பாலும் நல்ல நிய்யத்தாலும் இதைச் செய்யும் சிலருக்குப் பெரிய கூலி கிடைக்கவும் கூடும். இதற்கு உவமையாக இமாம் அஹ்மது இப்னு ஹன்பல் அவர்களைக் காட்டுகிறார். ஓர் அமீர் குர்ஆன் பிரதி ஒன்றை அலங்கரிக்க ஆயிரம் தீனார் செலவிட்டார் என்று இமாமிடம் குறை கூறப்பட்டது. குர்ஆனை அலங்கரிப்பதை விரும்பாதவர் அந்த இமாம். ஆயினும், விடுங்கள், பொன் செலவழிக்க இதைவிட நல்ல இடம் ஏது என்று கூறிவிட்டாராம். அம்மனிதரிடமிருந்து அதைப் பிடுங்கினால், அந்தப் பொன் இதைவிடக் கீழான வழியில்தான் போகும் என்பதை அவர் அறிந்திருந்தார். கண்டிப்புக்குப் பெயர்போன ஓர் அறிஞருடைய நூலில் இது இருக்கிறது, சகோதரர்களே! மௌலிது ஓதுவோர் அவரைத் திட்டுகிறார்கள். ஓதாதோர் அவரைப் பாதி படிக்கிறார்கள்.

நமது மண்ணிலும் இவ்வழக்கு புதிதன்று. 1906 முதல் 1908 வரை சிங்கப்பூரிலிருந்து வெளிவந்த ‘அல் இமாம்’ என்ற மலாய்ப் பத்திரிகையும், சையிது ஷேக் அல்ஹாதி போன்றோரும் எழுப்பிய சீர்திருத்தக் குரலினால் ‘காவூம் மூடா’, ‘காவூம் துவா’ என இளையோர் கூட்டம், மூத்தோர் கூட்டம் பிரிந்தன. தல்கீன், இறந்தார் வீட்டுக் கந்தூரி, தொழுகையின் நிய்யத்தை வாயால் மொழிதல் என்று வழக்குகள் நீண்டன. கம்பங்களும் குடும்பங்களும் பிளந்தன. நம் ரபீஉல் அவ்வல் வழக்கும் அந்தக் குடும்பத்துப் பிள்ளையே. நம் தமிழ் முஸ்லிம்களும் பா. தாவூத் ஷா அவர்களின் ‘தாருல் இஸ்லாம்’ பத்திரிகையைக் கப்பலில் வரவழைத்துப் படித்து, ஆதரித்தும் எதிர்த்தும் நின்றவர்கள்தாம்.

அரசுகளும் ஒன்றுபோல் இல்லை. மலேசியாவில் இந்நாள் பொது விடுமுறை. இந்தோனேசியாவிலும் அவ்வாறே. சவூதி அரேபியாவில் விடுமுறை இல்லை. சிங்கப்பூரில் 1968 வரை இருந்தது. அவ்வாண்டுச் சட்டத்தால் விடுமுறைகள் குறைக்கப்பட்டபோது, இரு பெருநாள்களையும் வைத்துக்கொண்டு மீலாதை விட்டுக்கொடுத்தது நம் சமூகம். அதனால் சிங்கப்பூரில் நாயகத்தின் மீது அன்பு குறைந்துவிட்டதென்று யாரேனும் சொல்வார்களா? அல்லது விடுமுறை உள்ள நாட்டில் அன்று காலை சுபுஹுத் தொழுகையின் ஸப்புகள் நீண்டுவிட்டனவா?

என் கருத்தைக் கேட்பீராயின், ஒளிவின்றிச் சொல்கிறேன். நாயகத்தின் சரிதையை ஓதி, ஸலவாத்துச் சொல்லி, பசித்தவனுக்குச் சோறிடும் மஜ்லிஸைத் தவறென்று நான் கொள்ளேன். ஆனால் அதை எடுக்காதவனைக் குற்றவாளியாகப் பார்க்கத் தொடங்கும் அன்றே, மார்க்கம் பர்ளாக்காத ஒன்றை நாம் பர்ளாக்கிவிட்டோம். அன்றே அது ஆட்சேபிப்போர் சொல்லும் பித்அத் ஆகிவிடுகிறது. மறுபுறம், ஆலிம்கள் எண்ணூறு ஆண்டாய்க் கருத்து வேறுபட்டுவரும் ஒன்றை ஹராமென்று முத்திரையிட்டு, வயது சென்ற தந்தையின் கையிலிருந்து மௌலிதுக் கிதாபைப் பிடுங்கும் பிள்ளையும் மார்க்கத்தில் இல்லாத ஒன்றைத்தான் சேர்க்கிறான். விலக்கப்படாததை விலக்குவதும் கூட்டுதலே.

ஓதுவோரிடமும் எனக்கு வழக்கு உண்டு. கடன் வாங்கி நெய்ச்சோறு ஆக்குவது எந்தக் கிதாபில் இருக்கிறது? நள்ளிரவு வரை ஓதிவிட்டுச் சுபுஹைத் தூங்கிக் கழிப்பது யாருடைய சுன்னத்? அரபுப் பைத்தை இராகத்தோடு முழக்குகிறோம். நார்ஸா எப்போது வரும் என்று கதவைப் பார்க்கும் பிள்ளைக்கு அதில் ஒரு வரிக்கேனும் பொருள் சொன்னோமா? உமறுப் புலவர் நாயகத்தின் சரிதையைச் சீறாப்புராணமாக ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட செய்யுள்களில் பாடி வைத்தது, தமிழ் முஸ்லிம் பிள்ளை பொருள் புரியாமல் கதவைப் பார்ப்பதற்காகவா?

இனி ஒரு வரலாறு. ஹஜ்ஜின்போது மினாவில் நாயகம் (ஸல்) அவர்களும், பிறகு அபூபக்கர் (ரலி), உமர் (ரலி) ஆகியோரும் நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கித் தொழுதார்கள். ஹஜரத் உஸ்மான் (ரலி) அவர்கள் தம் ஆட்சியில் அங்கு நான்காகவே தொழவைத்தார்கள். இப்னு மஸ்ஊது (ரலி) அவர்களுக்கு இது பெரும் வேதனை. நாயகத்தோடு இரண்டுதானே தொழுதேன் என்று வெளிப்படையாகவே கூறினார்கள். கூறிவிட்டு, எழுந்து போய் அவர்கள் பின்னால் நின்று நான்கும் தொழுதார்கள். குறை கூறிவிட்டு நீங்களும் நான்கு தொழுதீர்களே என்று கேட்டதற்கு, பிளவு தீங்கானது என்பதே அவர்கள் விடை. அங்கே வேறுபாடு தொழுகையின் ரக்அத்தில், இஸ்லாத்தின் தூணில்! இங்கே நமக்கோ ஒரு தட்டு நெய்ச்சோற்றில்.

கடைசியாக, சங்கத்தின் அங்கத்தினர்களுக்கு ஓர் யோசனை. திங்கட்கிழமை நோன்பைப் பற்றி நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, அது தாம் பிறந்த நாள் என்றும், தமக்கு வஹீ அருளப்பட்ட நாள் என்றும் கூறினார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான ஹதீஸ் இது. அவர்கள் தம் பிறப்பை நினைவு கூர்ந்த முறை இதுவே, ஆண்டுக்கொருமுறையன்று, வாரத்துக்கொருமுறை. மௌலிது ஓதுவோரும் இதை மறுப்பதில்லை, ஓதாதோரும் மறுப்பதில்லை. அப்படியிருக்க, நம்மில் எத்தனை பேர் இந்நோன்பைப் பிடிக்கிறோம்? வரும் ரபீஉல் அவ்வலில் நான்கு திங்கட்கிழமைகளாவது பிடிப்போம். றமளான் கஞ்சி காய்ச்சும் அந்தப் பெரிய சட்டியை நம் பள்ளிவாசல்களில் பதினோரு மாதம் கவிழ்த்தே வைத்திருக்கிறோம். அதை எடுத்துக் கழுவினால் போதும். அரிசிக்கு அண்ணனும் கறிக்குத் தம்பியும் பொறுப்பேற்கட்டும். மஃரிபு பாங்கு சொன்னதும் இருவரும் ஒரே பாயில் அமர்ந்து பேரீச்சம்பழத்தைக் கையில் எடுக்கட்டும்.