எண்ணாமல் எழுதாதீர்கள்

எந்த வார்டிலாவது டி.பி.ஆர். சார்ட்டை எடுத்து, மூச்சு எண்ணிக்கைக்கான கட்டத்தைப் பாருங்கள். நாற்பது கட்டில் என்றால் நாற்பது பேருக்கும் 20 என்றிருக்கும். ஆஸ்துமாக்காரருக்கும் 20, ஹெர்னியா ஆபரேஷன் முடிந்து குறட்டை விடுபவருக்கும் 20. விடியற்காலையில் இறந்துபோனவருக்கும் நள்ளிரவில் 20தான். காய்ச்சல் பார்க்கத் தெர்மாமீட்டர் வேண்டும், நாடி பார்க்கக் கையைத் தொட வேண்டும். மூச்சை எண்ணக் கட்டிலருகே ஒரு நிமிடம் நின்றால் போதும். அந்த ஒரு நிமிடம்தான் நமக்கு வாய்ப்பதில்லை.

நானும் அப்படி எழுதியவள்தான். நர்சிங் படிப்பின் மூன்றாம் ஆண்டில் எலும்பு முறிவு வார்டில் நைட் ட்யூட்டி. லாரி மோதித் தொடை எலும்பு முறிந்த ஒருவர், அட்மிட் ஆகி இரண்டாம் நாள். பன்னிரண்டு மணிக்கு மேல் போர்வையை உதறினார், ட்ரிப்ஸ் ஊசியைப் பிடுங்கப் பார்த்தார், எப்போதோ செத்துப்போன அண்ணனைக் கூப்பிட்டுப் பேசினார். “குடிகாரன், சரக்கு இறங்குது, கையைக் கட்டுங்க” என்றார் வார்டு ஊழியர். காஸ் துணியால் இரண்டு கைகளையும் கட்டிலோடு கட்டினோம். சார்ட்டில் 20 என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன்.

ரவுண்ட்ஸ் வந்த சூப்பர்வைசர் சிஸ்டர் டார்ச்சோடு அவரருகே நின்றார். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி முழு நிமிடம் எண்ணினார். 38. பிறகு சட்டைப் பித்தானைக் கழற்றி அக்குளில் வெளிச்சம் காட்டினார். சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள், கடுகு தூவினாற்போல. முறிந்த எலும்பின் மஜ்ஜைக் கொழுப்பு இரத்தத்தில் கலந்து நுரையீரலை அடைத்துக்கொண்டிருந்தது. ஆக்ஸிஜன் போதாமல்தான் அந்த மனிதர் பிதற்றியிருக்கிறார். வெளி வராந்தாவில் படுத்திருந்த அவர் மனைவியை எழுப்பிக் கேட்டோம். “அவர் வாயில ஒரு சொட்டு பட்டதில்லம்மா” என்றார்.

அவர் பிழைத்துவிட்டார். சிஸ்டர் என்னைத் திட்டவில்லை. என் 20-ஐ ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் 38 என்று எழுதி, என்னையே கையெழுத்துப் போடச் சொன்னார்.

தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளே, எம்.ஆர்.பி.யோ, நார்செட்டோ, வளைகுடா நாட்டுத் தேர்வோ, எதற்குப் படித்தாலும் உங்கள் மேசையில் மெட்-சர்ஜ் ஒரு புத்தகம், சைக்யாட்ரி வேறொரு புத்தகம். நோயாளி அப்படிப் பிரிந்து வருவதில்லை. திடீரென்று குழம்பிப் பேசுபவர் எந்த வார்டில் இருந்தாலும் முதலில் மூச்சு, ஆக்ஸிஜன், சர்க்கரை, காய்ச்சல், சிறுநீர் என்று பாருங்கள். உடம்பில் காரணம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் மனநோய் என்ற பேச்சு. அமெரிக்க உரிமத்துக்கான என்க்ளெக்ஸ் தேர்வே 2023 ஏப்ரலில் இந்தப் பக்கம் திரும்பிவிட்டது. ஒரே நோயாளியின் கேஸ் ஷீட்டை நேரவாரியாக விரித்து வைத்து, எது மாறியிருக்கிறது, முதலில் என்ன செய்வாய் என்று ஆறு கேள்வி கேட்கிறார்கள். கைடில் விடையை மனப்பாடம் செய்தவர் அங்கே திணறுவார்.

சரி, அந்த மனிதர் உண்மையிலேயே குடிப்பவராக இருந்திருந்தால்? அப்போதும் கட்டிப்போட்டது தவறுதான். தினமும் குடிப்பவர் திடீரென நிறுத்திய இரண்டு மூன்று நாளில் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், நாடி ஓடும், படுக்கையில் பூச்சி ஊர்வதாகத் தட்டிவிடுவார். மருந்து கொடுக்காவிட்டால் இதில் உயிர் போகும். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமின் போக வேண்டும் என்பதை எம்.சி.க்யூ.வில் எல்லோரும் சரியாக டிக் செய்கிறீர்கள். வார்டில் டாக்டருக்கு நினைவூட்டியவர் உங்களில் எத்தனை பேர்? அட்மிஷன் அன்றே “கடைசியா எப்போ குடிச்சீங்க?” என்று கேட்டுக் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். கேட்கும்போது முகத்தில் ஏளனம் இருந்தால் உண்மை வராது.

கட்டிப்போடுவதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்று எரிந்தது. 28 பேர் இறந்தார்கள். கொட்டகை தீப்பிடித்தபோது சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியை அடியோடு தடை செய்கிறது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லை என்றால் மட்டும், மனநல மருத்துவரின் அனுமதியோடு, தேவையான நேரத்துக்கு மேல் ஒரு நிமிடம்கூடப் போகாமல் கட்டலாம். தண்டனையாகக் கட்டக் கூடாது. ஆள் பற்றாக்குறை என்று காரணம் சொல்லவும் கூடாது. அது மனநல நிலையங்களுக்கான சட்டம், எலும்பு வார்டுக்கு இல்லையே என்று யாராவது வாதாடலாம். கை எல்லா வார்டிலும் கைதான்.

விஷம் குடித்து மெடிக்கல் வார்டுக்கு வரும் பெண்ணிடம் “உனக்கு வேற வேலை இல்லையா?” என்று கேட்பதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது அதே சட்டத்தின் 115-ஆம் பிரிவு. நீதிமன்றமே தண்டிக்காதவரை நாம் நாக்கால் தண்டிக்கிறோம். “இப்பவும் சாகணும்னு தோணுதாம்மா?” என்று நேராகக் கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடும் என்பது வெறும் பயம். மனச்சோர்வுக்கு மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களில் கண்ணை எடுக்காதீர்கள். தெம்பு முதலில் திரும்பும், மனத்தின் இருள் பிறகுதான் விலகும். நேற்றுவரை எழ முடியாமல் கிடந்தவர் இன்று தலை சீவிப் பொட்டு வைத்து, தன் வளையலைப் பக்கத்துக் கட்டில்காரிக்குக் கொடுத்தால், தேறிவிட்டார் என்று ஹேண்ட்ஓவரில் சொல்லாதீர்கள். அன்றைக்குத்தான் அருகில் இருக்க வேண்டும்.

தேர்வில் தெரியும், வார்டில் மறக்கும் என்ற கதைதான் லித்தியம் மாத்திரைக்கும். இரத்தத்தில் 0.6 முதல் 1.2 வரை என்பது உங்களுக்குத் தூக்கத்திலும் தெரியும். சித்திரை வெயிலில் வேலை செய்து வியர்ப்பவர், பி.பி.க்காக உப்பை நிறுத்தியவர், மூட்டு வலிக்குக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்குபவர், இவர்களுக்கெல்லாம் அந்த அளவு ஏறும் என்பதை டிஸ்சார்ஜ் அன்று வீட்டாரிடம் சொல்ல வேண்டியது நீங்கள். வாந்தி, பேதி, கை நடுக்கம், நாக்குக் குழறல் வந்தால் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் அழைத்துவரச் சொல்லுங்கள்.

இன்றிரவு ட்யூட்டி இருக்கிறதா? புத்தகத்தை மூடிவிட்டு, நொடி முள் உள்ள கடிகாரம் ஒன்றைக் கட்டிக்கொண்டு போங்கள். முதல் கட்டிலில் தொடங்குங்கள். எண்ணிய பிறகு எழுதுங்கள்.