கேட்டுக்கொண்டிருந்தவன்

வீடு உறங்கிய பிறகு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு 'ஐ, கிளாடியஸ்' பார்க்கிறேன். 1976 செப்டம்பரில் பிபிசியின் இரண்டாம் அலைவரிசையில் தொடங்கிய தொடர். ராபர்ட் கிரேவ்ஸ் 1930களில் எழுதிய இரண்டு நாவல்களை ஜாக் புல்மன் தொடராக எழுதினார். இயக்கம் ஹெர்பர்ட் வைஸ். ரோமப் பேரரசர் அகஸ்டஸில் தொடங்கி நீரோ அரியணை ஏறுவது வரை, ஒரே குடும்பத்தின் கதை. முன்பே இருமுறை பார்த்திருக்கிறேன். இந்தமுறை காதுக்குள்ளேயே குரல்கள் ஒலிப்பதால் தொடர் வேறாகத் தெரிகிறது. இத்தனை காலம் இதை ஒரு முகங்களின் நாடகம் என்று நினைத்திருந்தேன். இது காதுகளின் நாடகம்.

*

வெளி என்பதே இதில் இல்லை. எல்லாம் லண்டனில் ஸ்டூடியோவுக்குள், வீடியோ நாடாவில் எடுத்தது. ரோமைப் பற்றிய கதையில் ரோமின் தெரு ஒன்றுகூட இல்லை. விளையாட்டு அரங்கில் மனிதர்கள் வெட்டிக்கொண்டு சாகிறார்கள்; நாம் காண்பது அரச குடும்பம் உட்கார்ந்திருக்கும் மாடத்தை மட்டும். கூட்டம் இரைச்சலாக வருகிறது. கி.பி. 9இல் ஜெர்மானியக் காட்டில் மூன்று படைப்பிரிவுகள் அழிந்தன. அந்தப் பேரழிவும் ஒரு கிழவரின் அறைக்குள் சேதியாகத்தான் வந்து விழுகிறது.

புறம் முழுவதையும் எடுத்துவிட்டு அகத்தை மட்டும் விட்டுவைத்தாற்போல. அகம் என்றால் நமக்கு வீடும்தான், மனமும்தான். இந்த ரோமில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. சாப்பாட்டு மேசை, படுக்கை, தாழ்வாரம், கதவு. பகலில் பக்கம் பார்த்துப் பேசு, இரவில் அதுவும் பேசாதே என்பார்கள். அந்த அரண்மனையில் பிழைத்தவர்கள் இதைக் கற்றவர்கள் மட்டும்தான்.

பணமும் இடமும் போதாமல் வந்த கட்டுப்பாடாக இருக்கலாம். எனக்கு அது குறையாகவே படவில்லை. அதிகாரம் நடக்கும் இடம் அறைதான்.

*

நூலகத்தில் ஒரு காட்சி. இளைஞன் கிளாடியஸ், கால் சற்று இழுக்கும், தலை வெட்டும், பேச்சு திக்கும். அவனைக் கண்டு குடும்பமே கூசுகிறது. வயதான வரலாற்றாசிரியர் போலியோ அவனிடம் சொல்லும் யோசனை இது: நீண்ட நாள் வாழ வேண்டுமானால் இன்னும் நொண்டு, இன்னும் திக்கு, மூடனாக நடி.

டெரிக் ஜேக்கபி அந்த யோசனையை எப்படி வாங்கிக்கொள்கிறார் என்பதற்காகவே அந்த இடத்தை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். அவர் முகம் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கிறது. தொடர் முழுக்க அவருக்கு அதுதான் வேலை. மற்றவர்கள் பேசுவார்கள், சூழ்வார்கள், கத்துவார்கள். இவர் ஒரு மூலையில் இருப்பார். முட்டாள் முன்னால் என்ன பேசினால் என்ன என்று எல்லோரும் எல்லாவற்றையும் அவன் காதில் போட்டுவிட்டுப் போவார்கள்.

*

அகஸ்டஸின் மரணம். பிரையன் பிளெஸ்ஸெட்டின் முகம் திரையை நிறைத்துக்கொண்டு கிடக்கிறது. இடிபோலப் பேசிப் பழகிய நடிகர் அவர். இங்கே ஒரு சொல்கூட இல்லை. கேமரா நகராமல் நிற்கிறது. பக்கத்திலிருந்து மனைவி லிவியாவின் குரல் மட்டும் வருகிறது. நீங்கள் என் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும் என்று, நெடுநாள் குடித்தனம் செய்தவளின் சலிப்போடு. கண் திறந்தே இருக்கிறது. எந்த நொடியில் உயிர் போனது என்று சொல்ல முடியவில்லை. மூன்றாவது முறையும் அந்த நொடியைத் தவறவிட்டேன்.

அந்தக் கண்ணைப் பார்க்கும்போது, அவர் கேட்கிறாரா, கேட்பது நின்றுவிட்டதா என்பதைத்தான் மனம் தேடுகிறது. சாவின் வாசலில் கடைசியாக அணைவது செவி என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது உண்மையானால் அந்தக் கிழவர் போகிற வழியெல்லாம் அவள் குரல் கூடவே போயிருக்கும்.

பிறகு அவள் வெளியே வந்து மகன் டைபீரியஸிடம், அத்திப்பழத்தைத் தொடாதே என்கிறாள்.

*

உண்மை லிவியாவுக்கு இது அநீதி. இதை எழுதாமல் மேலே போக மனம் வரவில்லை. அவள் விஷம் வைத்தாள் என்ற பேச்செல்லாம் ரோம வரலாற்றாசிரியர்கள் டாசிடஸும் காசியஸ் டியோவும் ஒன்றிரண்டு நூற்றாண்டு கழித்து எழுதிவைத்த ஊர்வாய்கள். அத்திப்பழக் கதையைச் சொன்ன டியோவே அதை வதந்தியாகத்தான் சொன்னார். சூட்டோனியஸ் எழுதியது வேறு. கி.பி. 14 ஆகஸ்டில் நோலாவில் அகஸ்டஸ் இறந்தது மனைவியின் அணைப்பில். கடைசிப் பேச்சு தங்கள் மணவாழ்வை நினைவில் வைத்துக்கொள் என்பது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்த மணவாழ்வு அது.

கிரேவ்ஸ் வதந்தியைத் தேர்ந்தெடுத்தார். லிவியாவாக நடித்த ஷான் பிலிப்ஸ் அந்த வதந்திக்கு உயிர் கொடுத்தார். அவர் நடிப்பை நேசிக்கிறேன். அந்த நேசத்தாலேயே, 2,000 ஆண்டுகளாகப் பதில் சொல்ல முடியாமல் கிடக்கும் அந்தப் பெண்ணின் பக்கமும் நிற்க வேண்டியிருக்கிறது.

தொடரின் லிவியா கிழவியாகி, கிளாடியஸை விருந்துக்கு அழைத்து எல்லாக் கொலைகளையும் ஒப்புக்கொள்கிறாள். அவளுக்கு வேண்டியது ஒன்றுதான்: தன்னைத் தெய்வமாக்க வேண்டும், இல்லையென்றால் நரகம். அத்தனை பேரை அடக்கி ஆண்டவள் கடைசியில் சொல்லி அழத் தேடிய காது, வீட்டார் ஒதுக்கிய அந்தப் பேரனுடையது. சரித்திரத்திலும் கிளாடியஸ்தான் கி.பி. 42இல் அவளைத் தெய்வமாக்கினான். மகன் டைபீரியஸ் மறுத்திருந்த மரியாதை அது.

*

இரண்டு நாள் எதுவும் பார்க்கவில்லை. அன்டோனியாவின் காட்சிக்குப் பிறகு முடியவில்லை.

அன்டோனியா கிளாடியஸின் தாய். மகனைப் பெற்ற குறையாகவே நினைத்தவள். அவள் மகள் லிவில்லா, காவல்படைத் தலைவன் செஜானஸோடு சேர்ந்து சொந்தக் கணவனுக்கு விஷம் வைத்தவள். உண்மை தெரிந்ததும் தாய் மகளை ஓர் அறையில் பூட்டுகிறாள். சோறில்லை, தண்ணீரில்லை. மகள் உள்ளிருந்து கதவைத் தட்டிக் கதறுகிறாள். தாய் வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். இங்கே உட்கார்ந்து இதை எப்படிக் கேட்டுக்கொண்டிருக்கிறாய் என்று கிளாடியஸ் பதறுகிறான். உள்ளே கிடப்பது அவளுக்கான தண்டனை, வெளியே உட்கார்ந்து கேட்பது எனக்கான தண்டனை என்ற பொருளில் பதில் வருகிறது. மார்கரெட் டைசாக் அதைக் குரல் உயர்த்தாமல் சொல்கிறார்.

தாய் பட்டினி போட்டுக் கொன்றாள் என்பது டியோவிலேயே உண்டு. நாற்காலி தொடரின் கற்பனை. வளர்த்த பிள்ளை கெட்டால் அதில் தனக்கும் பங்குண்டு என்று நம்பும் தாய்மார்களைக் கண்டிருக்கிறேன். அந்த நம்பிக்கை கதவுக்கு வெளியே எத்தனை நாள் உட்கார வைக்கும் என்று நினைக்கவே நடுங்குகிறது. ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டேன். திரையில் அவள் தொடர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

*

பேரரசன் கலிகுலா கொல்லப்பட்ட நாளில் கிளாடியஸ் திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்திருந்தான்; கால் தெரிந்து ஒரு வீரன் இழுத்தான்; பேரரசனாக்கினார்கள். அப்போது வயது 49. ஜான் ஹர்ட்டின் கலிகுலாவைப் பற்றி எல்லோரும் எழுதியிருப்பதால் நான் விட்டுவிடுகிறேன். எனக்கு வேண்டியது அடுத்து வருவது. செனட்டில் அவனைக் கேலி செய்கிறார்கள். செவி மந்தம் என்றாலும் கேட்க முயலாமல் இருந்ததில்லை என்கிறான். சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆனது என்பதைவிட என்ன சொன்னான் என்பது பெரிதில்லையா என்கிறான். அதுவரை கேட்டதெல்லாம் அன்று வாயாகத் திறக்கிறது.

*

உண்மையான கிளாடியஸ் நிறைய எழுதியவன். எட்ருஸ்கர் வரலாறு 20 பாகம், கார்த்தேஜ் வரலாறு 8 பாகம், தன்வரலாறு 8 பாகம். லத்தீன் நெடுங்கணக்கில் மூன்று எழுத்துகளைக்கூடச் சேர்த்தான். அந்த நூல்களில் ஒன்றும் மிஞ்சவில்லை. கிரேவ்ஸ் நாவல் எழுதியது அந்தத் தன்வரலாறு இருந்திருக்க வேண்டிய வெற்றிடத்தில்.

மிஞ்சியது ஒரு வெண்கலப் பலகை. 1528இல் லியோனில் ஒரு துணி வியாபாரியின் திராட்சைத் தோட்டத்தில் கிடைத்தது. கால் (Gaul) நாட்டுப் பெருமக்களைச் செனட்டில் சேர்க்கச் சொல்லி கி.பி. 48இல் அவன் ஆற்றிய உரை அதில் வெட்டப்பட்டிருக்கிறது. அவன் பிறந்த ஊரும் லியோன்தான். உரை எங்கெங்கோ சுற்றுகிறது. பழைய அரசர்களின் கதைக்குள் போய்விடுகிறது. ஒரு கட்டத்தில் தன் பெயரையே சொல்லி, பேச்சு எங்கே போகிறது என்று சொல்ல நேரமாயிற்று என்று தன்னையே உசுப்புகிறான். பலகையின் மேற்பகுதி உடைந்து தொலைந்துவிட்டது. வாக்கியம் பாதியில்தான் தொடங்குகிறது.

*

அவன் காலத்தில் நம் பக்கத்திலிருந்தும் சிலர் அவன் அவைக்குப் போயிருக்கிறார்கள். ரோம எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார்: செங்கடல் வரி வசூலித்த ஒருவரின் ஆள் காற்றில் அடித்துச் செல்லப்பட்டுத் தப்ரபேனில், அதாவது இலங்கையில், கரையேறினான். அவனிடமிருந்த வெள்ளிக் காசுகளை மன்னன் பார்த்தான். வேறுவேறு பேரரசர்களின் முகம், ஆனால் எல்லாம் ஒரே எடை. அந்த நேர்மையில் மனம் நெகிழ்ந்து நான்கு தூதர்களை கிளாடியஸிடம் அனுப்பினான்.

இந்தக் குடும்பத்தின் முகங்கள் தமிழ் மண்ணிலும் கிடந்தன. புதுக்கோட்டைப் பகுதியில் 1898இல் 501 பொற்காசுகள் கிடைத்தன. அகஸ்டஸில் தொடங்கும் அந்த முகங்களில் பெரும்பாலானவற்றின் குறுக்கே உளிவெட்டு ஓடுகிறது. அச்சடித்த முகத்தின் அதிகாரம் இங்கே செல்லாமல், பொன்னின் எடை மட்டும் செல்லும்படி. தூதர்கள் அந்த அவையில் என்ன பேசினார்கள், திக்குவாய் அரசன் என்ன கேட்டான் என்று நினைத்துக்கொண்டு வெகுநேரம் படுத்திருந்தேன்.

*

கடைசிப் பகுதி. நான்காம் மனைவி அக்ரிப்பினா தன் தட்டிலிருந்து ஒரு காளானை எடுத்து நீட்டுகிறாள். கிழவன் அவளைப் பார்க்கிறான். அந்த வீட்டில் அறுபது ஆண்டு எல்லாக் கதவுகளுக்குப் பின்னாலும் கேட்டவனுக்கு அது என்னவென்று தெரியாமல் இருக்காது. அகஸ்டஸின் முகத்தில் நின்ற கேமரா இப்போது இவன் முகத்தில் நிற்கிறது.

தமிழில் செவிமடுப்பதற்கும் வினவுவதற்கும் ஒரே சொல்: கேட்பது.

அவன் எதுவும் கேட்கவில்லை. வாயைத் திறந்தான்.