வாயே வாத்தியம்

நியூயார்க்கில் உள்ள யெஷிவா என்ற யூதப் பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் 2007-ல் தொடங்கிய பாட்டுக்குழு 'மக்கபீட்ஸ்'. வாத்தியமே கிடையாது, தாளமும் வாயால்தான். மரபு வழுவாத யூதர்கள் ஓய்வுநாளில் இசைக்கருவியைத் தொடுவதில்லை. பாஸ்கா பண்டிகையை ஒட்டி வரும் துக்க வாரங்களிலும் பலர் கருவி இசையைத் தவிர்க்கிறார்கள். வெறும் குரலுக்குப் பெரும்பாலும் விலக்கு உண்டு.

2010-ல் ஹனுக்கா திருநாளுக்காக, அப்போது பிரபலமாக இருந்த ஒரு பாப் பாட்டின் மெட்டில் சொந்த வரிகளைப் போட்டு இவர்கள் வெளியிட்ட வீடியோவை லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். (மெட்டு இரவல்தான், அதிலென்ன குறை?) பிறகு ஊர் ஊராக யூத சமூகங்கள் அழைத்தன. படிப்பு முடிந்து வேலைக்குப் போன பின்பும் குழு கலையவில்லை.

நேரம் கிடைத்தால் தேடிக் கேளுங்கள். அடியில் ஒலிப்பது டிரம்ஸ் இல்லை என்று நம்பவே கொஞ்ச நேரமாகும்.